கட்டுமானப் பொருள் வணிகத்தில் கொத்தடிமை முறை நுழையாமல் காப்பது எப்படி: நெல்லை வட்டார விற்பனையாளருக்கான வழிமுறைகள்

செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், ஹாலோ பிளாக், சிமெண்ட், தரைக்கல் ஆகியவற்றை வாங்கி விற்கும் ஒருவர், தம் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்துவிட்டால் கொத்தடிமைக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எண்ணிக்கொள்வது இயல்புதான். ஆனால் கடை முற்றத்தில் இறங்கும் ஒவ்வொரு லோடுக்கும் பின்னால் களிமண் பிசைந்தவர், செங்கல் அறுத்தவர், பாறை உடைத்தவர், லாரியில் ஏற்றியவர் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் யாரேனும் வேலையை விட்டுப் போக முடியாத நிலையில் இருந்தால், அந்தச் சரக்கில் வரும் இலாபத்தில் ஒரு பங்கு அவரிடமிருந்து பறிக்கப்பட்டதே ஆகும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இந்த வணிகத்தை நடத்துபவர்கள் தம் கடையிலிருந்து தொடங்கிச் சூளை, கிரஷர், குவாரி வரை எதை, எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் எதைக் கொத்தடிமை என்கிறது

இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1975 அக்டோபர் 25 முதலே இம்முறை ஒழிந்துவிட்டதாக அறிவிக்கிறது. ஒருவர் தாமோ தம் முன்னோரோ வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க நேர்ந்தாலும், வேறு இடத்தில் வேலை தேடும் உரிமையையோ, விரும்பிய ஊருக்குப் போய்வரும் உரிமையையோ, தம் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்திருந்தாலும், அவர் அச்சட்டத்தின் பார்வையில் கொத்தடிமைத் தொழிலாளர் ஆவார். இவை அனைத்தும் ஒருங்கே இருக்க வேண்டியதில்லை. ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கப்படுவது எதுவாயினும் அது பெயரளவுக் கூலிதான்.

டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவரை வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் 1983 டிசம்பரில் அதே நீதிமன்றம், கட்டாய உழைப்பு நடப்பது தெரியவந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருப்பதாகவே அனுமானிக்க வேண்டும் என்றது. ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லும்போது, அது அப்படிப்பட்டதன்று என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும். குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அபராதத் தொகை 1976-இன் மதிப்பிலேயே நின்றுவிட்டதைப் பார்த்துச் சிலர் இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், ஆள் கடத்தல் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டங்கள் பல மறைந்தன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் மாறாமல் நிற்கிறது.

அடியும் பூட்டிய கதவும் இருந்தால்தான் கொத்தடிமை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நடைமுறையில் இது பெரும்பாலும் இனிய முகத்தோடு நடக்கிறது. மகள் சடங்குக்கும் தகப்பனார் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைகொடுத்த முதலாளியை விட்டுப் போவது நன்றிகெட்ட செயல் என்று தொழிலாளியே நம்புவார். கடன் தீராத காரணத்தைக் கேட்டால் தம் தலையெழுத்து என்பார். ஆகவே மிரட்டல் இருக்கிறதா என்று தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்; கணக்கைத் தேடிப் போகிறவருக்கே உண்மை அகப்படும்.

முதலில் உங்கள் பேரேடு

தேடலைச் சூளையில் தொடங்க வேண்டியதில்லை. நம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும்போது சூளை வேலை சூடுபிடிக்கிறது. அதற்கு முன்பே, ஐப்பசி கார்த்திகையில், மொத்த வியாபாரிகள் சூளைக்காரருக்குக் கல்லுக்கான முன்பணம் கொடுத்துவிடுவது வழக்கம். சூளைக்காரர் அதிலிருந்து மேஸ்திரிக்குக் கொடுக்கிறார். மேஸ்திரி ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களுக்குக் கொடுத்து ஆள் பிடிக்கிறார். மழைக்காலத்தில் வேலையும் இருப்பும் இல்லாத குடும்பம் அந்தப் பணத்தை வாங்கிய நாளிலேயே அந்தப் பருவம் முழுவதற்குமான உழைப்பை ஒப்படைத்துவிடுகிறது. எனவே கொத்தடிமைக் கடனின் முதல் வரி பல சமயங்களில் வியாபாரியின் பேரேட்டிலேயே எழுதப்படுகிறது. இதை ஏற்றுக்கொள்ளாமல் செய்யும் சரிபார்ப்பு எல்லாம் மேற்பூச்சுதான் என்பது என் உறுதியான கருத்து.

முன்பணம் கொடுப்பதே குற்றம் என்று பொருளில்லை. அதோடு ஒட்டிவரும் நிபந்தனைதான் குற்றம். ஆகவே உங்கள் பேரேட்டில் ஒவ்வொரு சப்ளையருக்கும் கொடுத்த முன்பணத்தைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். அதில் எவ்வளவு மண், விறகு, டீசல் போன்றவற்றுக்கும், எவ்வளவு ஆள் பிடிக்கவும் போகிறது என்று சூளைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஆள் பிடிப்பதற்கென்று போகும் தொகையைப் படிப்படியாகக் குறைத்து, அந்தப் பணத்தைக் கல் வந்தவுடன் ஏழு நாளில் கொடுக்கும் ரொக்கமாக மாற்றுங்கள். இந்தத் தொழிலில் அறுபது நாள், தொண்ணூறு நாள் கடனுக்குச் சரக்கு வாங்குவது பெருமையாகப் பேசப்படுகிறது. அந்தத் தொண்ணூறு நாளும் சூளைக்காரர் கூலியை நிறுத்திவைத்து, வாரச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்துச் சமாளிக்கிறார். நிறுத்திவைத்த கூலியே தொழிலாளியைக் கட்டும் கயிறாகிவிடுகிறது.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய கதையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகள் என்ற ஆள்பிடிக்கும் மேற்பார்வையாளர்கள் முன்பணம் கொடுத்து ஆட்களை இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிச் சென்றார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் மாறும்போது அவர்களுடைய கடனைப் புதிய தோட்டம் அடைத்துவிட்டு அவர்களை எடுத்துக்கொள்ளும் ‘துண்டு’ முறை அங்கே நிலவியது. அதைச் சட்டம் 1921-இல் ஒழித்தது. இன்று ஒரு சூளைக்காரர் இன்னொருவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டுக் குடும்பத்தைத் தம் சூளைக்குக் கொண்டுவருவதும் அதே வேலைதான். ‘அவன் கணக்கை நான் முடித்துக் கூட்டி வந்தேன்’ என்று ஒரு சப்ளையர் உங்களிடம் பெருமையோடு சொன்னால், அங்கே பேச்சை நிறுத்தி விசாரிக்கத் தொடங்குங்கள்.

கடை முற்றத்தில்

அடுத்ததாக உங்கள் சொந்த ஆட்கள். லோடு இறக்குபவர்களும் ஹாலோ பிளாக் போடுபவர்களும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து ஒரு ஏஜென்ட் மூலம் வந்திருந்தால், அவர்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்து வந்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். வேலைக்குச் சேர்க்க ஏஜென்ட் அவர்களிடம் வாங்கிய தொகையை நீங்களே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. ஏஜென்டுக்கான கட்டணம் முதலாளியின் செலவு. ஆதார், வங்கிப் புத்தகம், ஏடிஎம் அட்டை ஆகியவை அவரவர் கையிலேயே இருக்க வேண்டும். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லி மேலாளர் அவற்றை மேஜை அறையில் பூட்டிவைப்பது, நல்லெண்ணத்தில் செய்தாலும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குக் காட்டும் 11 அறிகுறிகளுள் ஒன்றாகும்.

கூலியை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுக்காமல் அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும், வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் கொடுக்கப்பட வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து கூலியின் பாதியைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான உங்கள் தலையில்தான் வந்து விழும். நீங்கள் ஆட்களுக்கு அவசரத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸுக்கு வட்டி வேண்டாம். பிடித்தம் கூலியில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். அட்வான்ஸ் பாக்கியிருந்தாலும் வேலையை விட்டுப் போகலாம் என்பதைத் தமிழிலும் அவர்கள் மொழியிலும் எழுதிக் கொடுங்கள். வெளிமாநிலத்தவரைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பதிவு செய்வதும், அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் அட்டையை அவர்கள் பெற உதவுவதும் அரை நாள் வேலை.

சரக்கு வரும் வழி

ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது என்று எழுதத் தொடங்கினால், பலருக்கும் பாதிப் பட்டியலிலேயே பேனா நின்றுவிடும். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் நடைச்சீட்டு, அதாவது கனிமத்தை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு, இருப்பதால் குவாரியையும் கிரஷரையும் கண்டுபிடிக்கலாம். நடைச்சீட்டு இல்லாமல் வரும் லோடு கனிமச் சட்டத்துக்கு மட்டும் ஏமாற்று வேலை என்று எண்ண வேண்டாம். சீட்டில் இல்லாத கல்லை உடைத்தவர் பெயரும் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இராது. செங்கல்லுக்கு இந்த வசதி குறைவு. புரோக்கர் மூலம் வாங்கினால் லோடு எந்தச் சூளையிலிருந்து வந்தது என்பதே தெரியாது. பில்லில் சூளையின் பெயரும் ஊரும் எழுதாத லோடை இறக்குவதில்லை என்று ஒரு விதியைப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் ஒரு பருவத்திலேயே பெருமளவு தீரும். தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃபிளை ஆஷ் கல், தொழிற்சாலையில் அச்சாகும் பொருள் என்பதால் சரிபார்ப்பது எளிது. சிமெண்டைப் பொறுத்தவரை ஆலையைக் காட்டிலும், மூட்டை இறக்கும் சுமைப்பணியாளர்களையும் லாரிக் கிளீனர்களையும் கவனிப்பது போதும்.

வெளிமாநிலக் கற்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ராஜஸ்தான் மணற்கல் சுரங்கங்களில் கடன்பிணைப்பும் குழந்தை உழைப்பும் கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயும் நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளன. அங்கே நாம் நேரில் போக முடியாது. சுரங்கத்தின் பெயரைக் கேட்கலாம், அது தெரியாது என்று சொல்லும் மொத்த வியாபாரியை மாற்றலாம்.

சூளைக்கும் கிரஷருக்கும் நேரில் போகும்போது

முன்னறிவிப்போடு ஒரு முறையும், இல்லாமல் ஒரு முறையும் போங்கள். விடியற்காலை நல்ல நேரம், ஏனென்றால் கல் அறுப்பு (களிமண்ணை அச்சில் இட்டுச் செங்கல் வார்ப்பது) வெயிலுக்கு முன்பே, பல இடங்களில் பின்னிரவிலேயே, தொடங்கிவிடும். யார் யார் களத்தில் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை எந்த வேலையிலும், 18 வயதுக்குட்பட்டவர் குவாரியிலும் இருக்கக் கூடாது. சூளையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டு, முடிந்தால் அந்தப் பள்ளியிலேயே விசாரியுங்கள். தலைமையாசிரியர்களுக்குச் சூளைக் குடும்பங்களைப் பற்றி அதிகாரிகளைக் காட்டிலும் கூடுதலாகவே தெரியும்.

தொழிலாளியிடம் ‘உங்களைக் கொத்தடிமையாக வைத்திருக்கிறார்களா’ என்று கேட்பதில் பயனில்லை. மேஸ்திரி பக்கத்தில் நிற்காத இடத்தில், குடும்பத்துப் பெண்களிடமும் தனியாக, அன்றாடப் பேச்சாகவே கேளுங்கள். போன பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது கையில் என்ன கிடைத்தது? கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, அதைப் படித்துக் காட்டினார்களா? மளிகை எங்கே வாங்குகிறீர்கள்? ஊரில் துக்கம் என்றால் யார் யார் போய்வருவீர்கள்?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகாதவர் அரிது. சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள்கூட அன்று ஊர் வந்துவிடுவார்கள். அந்த நாள் சூளை வேலையின் உச்சக்கட்டத்தில் வருகிறது. உள்ளூர்க் குடும்பம் ஒன்று இந்த ஆண்டு உத்திரத்துக்கு எல்லோரும் சேர்ந்து போனார்களா, அல்லது தகப்பனோ பிள்ளையோ சூளையிலேயே நிறுத்தப்பட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொண்டு மற்றவரை அனுப்பும் வழக்கம் அங்கே இருந்தால், வேறு சான்று தேட வேண்டியதில்லை. வெளிமாநிலத்தவரிடம் அவரவர் திருவிழாவை வைத்து இதே கேள்வியைக் கேட்கலாம்.

குவாரியில் வேறு சில அடையாளங்கள் உண்டு. ஊரிலிருந்து தள்ளிய இடம், வளாகத்துக்குள்ளேயே தங்கல், இரவு வேலை, வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆட்கள் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். 2022 மே மாதம் திருநெல்வேலிக்கு அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் இரவில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட இரவில் உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று உடனே சொல்லக்கூடிய பதிவேடு உங்கள் சப்ளையரிடம் இருக்கிறதா என்பதைப் பகலில் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையும் கூலியும்

கல் அறுப்புக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இந்தக் கணக்கு முறை உண்மையை எப்படி மறைக்கிறது என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டுப் பார்க்கலாம். ஆயிரம் கல்லுக்கு 900 ரூபாய் என்றும், கணவன், மனைவி, வயது வந்த தம்பி மூவரும் சேர்ந்து பதினொரு மணி நேரத்தில் 1,500 கல் அறுக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அன்றைய வருமானம் 1,350 ரூபாய். சூளைக்காரரின் நோட்டில் கணவர் பெயர் மட்டுமே இருப்பதால், ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 1,350 ரூபாய் கொடுப்பதாகத் தோன்றும். மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 450; அதை எட்டு மணி நேரத்துக்குக் குறைத்தால் ஏறத்தாழ 327. முந்தைய நாள் மண் குழைத்த நேரத்தையும், மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி இல்லாததையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். இந்தத் தொகையைத்தான் செங்கல் தொழிலுக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் அதன் அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் மாறுவதால், பருவத்தின் நடுவே கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

கணக்கு இடித்தால் குறை சூளைக்காரரிடம் மட்டும் இருப்பதாக முடிவு கட்டாதீர்கள். நீங்கள் கொடுக்கும் விலையில் மண், எரிபொருள், லாரி வாடகை, அவருடைய வருமானம் எல்லாம் போக, சட்டப்படியான கூலிக்கு இடமிருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். இடமில்லை என்றால் ஆயிரம் கல்லுக்குச் சில நூறு ரூபாய் ஏற்றிக் கொடுத்து, அந்த ஏற்றம் நேராகக் கூலியில் சேர்ந்ததற்கு வங்கிச் சான்று கேளுங்கள். போட்டியாளர் குறைத்து விற்பாரே என்ற கவலை நியாயமானதுதான். அதனால்தான் இதைத் தனியாளாகச் செய்வதைவிட வட்டாரத்து வியாபாரிகள் சங்கத்தில் பேசி ஒரே பருவத்தில் செய்வது நல்லது.

இவற்றை எல்லாம் ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். வேலைக்கு வருபவர் ஒவ்வொருவர் பெயரிலும், பெண்கள் பெயரிலும், தனிக் கூலிச் சீட்டு, வாரம்தோறும் முழுக்கூலி, முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் உரிமை, இந்த மூன்று இருந்தால் ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டப்படி ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அறிக்கை வெளியிட வேண்டும்; ஆஸ்திரேலியாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் பெரிய நிறுவனங்களிடம் அதையே கேட்கிறது. அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் கிரானைட் அனுப்புபவர்களிடம் நீண்ட கேள்வித்தாள்கள் வரும். ‘ஆம்’ என்று வரிசையாக டிக் அடித்து அனுப்புவதற்கு முன், மேலே சொன்ன பேரேட்டையும் கூலிக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.

கண்டுபிடித்துவிட்டால்

முதலில் தோன்றுவது, அந்தச் சூளையில் வாங்குவதை மறுநாளே நிறுத்திவிட்டுக் கையைக் கழுவுவது. அது மிக மோசமான முடிவு. சூளைக்காரர் அந்தக் குடும்பங்களை ஒரே இரவில் வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார். கடனும் கூடவே போகும். சூளைக்காரரைக் கூப்பிட்டு எச்சரிப்பதும் அதே விளைவையே தரும். குடும்பத்தின் கடனை நீங்களே கட்டி மீட்பதும் தவறு: சட்டப்படி அந்தக் கடன் இல்லாமலே போய்விட்டது, இல்லாத கடனுக்குப் பணம் வாங்குவதையே சட்டம் குற்றம் என்கிறது.

மாவட்ட ஆட்சியரிடமோ, கோட்ட அளவில் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடமோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம், திருநெல்வேலி, சேரன்மகாதேவி கோட்டங்கள். தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் கோட்டங்கள். மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 9 அன்று அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்களே தவிர, அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று யாரும் கேட்பதில்லை. வியாபாரிகள் சங்கம் கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112, பிள்ளைகள் இருந்தால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. தெரிவிக்கும் மனுவில் இடம், குடும்பங்களின் எண்ணிக்கை, முன்பணம், கூலி, போகவிடாமல் தடுத்த நிகழ்வு ஆகியவற்றை எழுதுங்கள். தொழிலாளியின் பெயர் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்கப்பட்டவருக்கு, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அதிகாரி தரும் விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. அது இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்டவர் மறு பருவத்தில் அதே மேஸ்திரியிடம் வந்து நிற்பார். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பின்னர் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த நிலைகளில் 3 லட்சம் ரூபாயும் உண்டு. பெருந்தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுகள் ஆகலாம். ஆகவே அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி பாக்கியை உங்கள் பங்கிலிருந்து, சூளைக்காரருக்கு நீங்கள் தர வேண்டிய தொகையை அதிகாரிகள் முன்னிலையில் திருப்பிவிட்டாவது, கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

காலக்கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கம் ஆனிச் சாரல் விழத் தொடங்கும்போது அறுப்பு ஓய்ந்து கணக்கு முடிக்கும் நேரம் வரும்; கணக்கு முடிந்தும் கடனோடு நிற்கும் குடும்பங்கள் எத்தனை என்பதை அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விலை பேசுவதும் ஒப்பந்தத்தைத் திருத்துவதும் ஆவணி, புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் மேஸ்திரிகள் பணத்தோடு ஊர்களுக்குக் கிளம்பிவிட்டால், அந்த ஆண்டுக்கு நீங்கள் மாற்றக்கூடியது அநேகமாக ஒன்றும் மிஞ்சியிராது.